மட்டக்களப்புக்கு வந்தால் எங்கே சாப்பிடுவது?

ஆவணி பிறந்தால் எனக்கு வாட்ஸ்அப்பில் விருந்தாளிகள் வரத் தொடங்கிவிடுவார்கள். லண்டன் பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை, மண்டூர்க் கந்தனுக்குத் திருவிழா. இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக வருவதால் வெளிநாட்டில் இருக்கிற சொந்தமெல்லாம் அந்தக் காலத்துக்குத்தான் டிக்கெட் போடும். விமானம் ஏற முன்னமே ஒரு கேள்வி வந்துவிடும்: "மச்சான், ரவுணுக்குப் போனா நல்ல மீன் சாப்பாடு எங்க தின்னலாம்?"

ஒரு பக்கம் வங்காள விரிகுடா. மறுபக்கம் 50 கிலோமீற்றருக்கு மேல் நீண்டு கிடக்கிற களப்பு. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற நகரத்தில் மீன் சாப்பிட இடம் கேட்டால் பத்துக் கடையாவது சொல்லத் தெரிய வேண்டாமா? வெல்லாவெளிக்காரனான நான் சொல்லுகிற பதில் எப்போதும் ஒன்றுதான்: "வெல்லாவெளிக்கு வாங்க, வீட்ட ஆக்குவம்." உபசாரத்துக்குச் சொல்கிறேன் என்று நினைத்துச் சிரிக்கிறார்கள். நான் உள்ளதைத்தான் சொல்கிறேன்.

பின்னேரம் கல்லடிக் கடற்கரைக்குப் போனால் கச்சான் இருக்கும், சோளம் இருக்கும், இறால் வடை இருக்கும், உப்பும் மிளகாய்த்தூளும் தூவிய அன்னாசி இருக்கும். இருட்டுப்பட்ட பிறகு மேசை போட்டு இருக்கிற கடைக்குள் நுழைந்தால், நீட்டுகிற அட்டையில் ஃப்ரைட் ரைஸ், நாசிக்கோரிங், கொத்து, சிக்கன் டெவல், சூப்பு. கொழும்பிலும் இதே அட்டை, திருகோணமலையிலும் இதே அட்டை. மீனும் இல்லாமல் இல்லை. வெங்காயமும் கறிமிளகாயும் போட்டுச் சிவப்பாகப் பிரட்டிய டெவலாக வரும், நன்றாகவும் இருக்கும். மணலை மீனில் தேங்காய்ப்பால் விட்ட பாலாணம் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள், பரிமாறுகிற தம்பி உங்களை ஒரு மாதிரியாகப் பார்ப்பார். களப்பில் மீன் பாடுவதைக் கேட்க வருகிற வெள்ளைக்காரருக்கு ராத்திரியில் தோணி பிடித்துக் கொடுத்துவிடலாம். ஆணத்துக்குள் கிடக்கிற மீனைத் தேடி வருகிற நம்மவருக்குத்தான் வழி காட்ட முடிவதில்லை.

ஏன் இப்படி என்று பெரியம்மாவிடம் ஒருமுறை கேட்டேன். அவவின் கையால் நண்டுக்கறி தின்றுவிட்டுப் போன ஒரு லண்டன் பிள்ளை, "பெரியம்மா, நீங்க ஒரு கடை போடலாமே" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். பெரியம்மாவுக்கு அது பெரிய பகிடி.

"இண்டைக்குச் செத்தல் வரும், நாளைக்கு மணலை வரும், நாளண்டைக்குக் காத்துக் கிறுகினா ஒண்டும் வராது. பலகையில என்னத்த மனே எழுதி வைக்கிற?"

எனக்குத் தெரிந்து இதைவிடச் சரியான விளக்கம் இல்லை. எங்கள் வீட்டுச் சமையல் மீன்காரர் வந்த பிறகுதான் தொடங்கும். அவர் பெட்டியைத் திறந்து காட்டுகிற மீனைப் பார்த்துவிட்டுத்தான் பாலாணமா புளியாணமா, பொரிக்கிறதா, முருங்கைக்காய் போடுகிறதா என்ற முடிவே வரும். நண்டு வந்தால் முருங்கையிலை ஆய வேண்டும். ஒன்றுமே வராவிட்டால் கருவாடு. கடைக்காரருக்கு அது சரிவராது. காலையில் எழுதிய அட்டை ராத்திரி வரை நிற்க வேண்டும், நாளைக்கும் நிற்க வேண்டும். கோழி அப்படி நிற்கும், களப்பு மீன் நிற்காது.

இன்னொரு காரணம், கடைகள் யாருக்காக வந்தன என்பது. வெள்ளைக்காரன் காலத்தில் அதிகாரிமாருக்கு வாடிவீடு இருந்தது, அங்கே சூப்பும் கட்லட்டும். மற்றச் சனங்களுக்குச் சாப்பாட்டுக்கடை. அங்கே சாப்பிட்டவர்கள் கோட்டைக்குள் இருந்த கச்சேரிக்கு அலுவலாக வந்தவர்கள், கோட்டுக்கு வழக்குப் பேச வந்தவர்கள், பெரியாஸ்பத்திரியில் ஆளை வைத்துக்கொண்டு வெளியே காத்திருந்தவர்கள். 1928 இல் ரயில் வந்த பிறகு கொழும்பிலிருந்து இறங்கினவர்கள். யாரும் ஊர்ச் சாப்பாட்டை ருசி பார்க்க வரவில்லை, பசிக்குத்தான் வந்தார்கள். களப்புக்கு மேற்கே இருக்கிற படுவான்கரையிலிருந்து போன எங்கள் ஆட்கள் அந்தக் கடைக்குள்ளும் போகவில்லை. கட்டுச்சோறு கொண்டு போனார்கள், இல்லாவிட்டால் ஒரு பணிசும் வெறுந்தேத்தண்ணியும். பெண்கள் கடைக்குள் ஏறுவது என்ற பேச்சே கிடையாது. வீட்டில் இருக்கிற கறிக்குக் கடையில் காசு கொடுக்கிறவனைப் பார்த்து, "ஏன், வீட்ட சண்டையா?" என்றுதான் கேட்பார்கள்.

பிறகு யுத்தம். 2007 வரைக்கும் படுவான்கரையின் பெரும்பகுதி புலிகளின் கட்டுப்பாட்டில். வெல்லாவெளியிலிருந்து ரவுணுக்குப் போவதென்றால் சோதனைச் சாவடிகள், வரிசை, அடையாள அட்டை. இருட்டுப்பட முதல் வீடு திரும்பிவிட வேண்டும். ராத்திரிச் சாப்பாட்டுக்கு வெளியே போவது என்கிற பழக்கம் ஒரு தலைமுறைக்கு வாய்க்கவே இல்லை. நடுவில் 2004 சுனாமி கல்லடி, நாவலடிப் பக்கத்துக் கரையை வழித்துக்கொண்டு போனது. இப்போது நாங்கள் பார்க்கிற கடற்கரைக் கடைகள், அந்த வெளிச்சம், அந்தப் பாட்டு எல்லாம் அதற்குப் பிறகு முளைத்தவை. புதுக் கல்லடிப் பாலமே 2013 இல்தான் திறந்தது. 1924 இல் கட்டின பழைய பாலம் பக்கத்திலேயே நிற்கிறது, பின்னேரக் காற்று வாங்க அதுதான் நல்லது.

பெரிய நண்டு எங்கே போகிறது என்றும் கேட்பார்கள். கொழும்புக்குப் போகிறது. அங்கிருந்து விமானத்திலும் ஏறுகிறது. சிங்கப்பூரின் பேர்போன மிளகாய் நண்டுக்கு இலங்கைக் களப்பு நண்டுதான் வேண்டும் என்று அங்கே தேடிக் கேட்பார்கள். 2011 இல் கிரிக்கெட் வீரர்கள் சங்கக்காரவும் மஹேலவும் பங்காளிகளாகச் சேர்ந்து கொழும்பில் நண்டுக்கென்றே ஒரு உணவகம் திறந்ததும் எல்லாருக்கும் தெரியும். காலொன்று ஒடிந்ததும், தோல் மாறி உள்ளே சதை இல்லாமல் வந்ததும் எங்கள் சட்டிக்குள் விழும். பெரியம்மாவின் கையில் அதுவும் ருசிதான்.

இதையெல்லாம் ஒரு முறைப்பாடாகவே நான் வைத்திருந்தேன், இங்கிலாந்துக்குப் போய் அக்கா வீட்டில் நிற்கும் வரைக்கும்.

அக்கா இருப்பது இல்போர்டில். கோடையில் வெயில் ஒழுங்காக அடிக்கிற சனிக்கிழமை வந்தால் கிழக்கு லண்டன் தமிழரில் பாதிப்பேர் சவுத்எண்டுக்குப் போய்விடுவார்கள் போல. தேம்ஸ் ஆறு கடலில் கலக்கிற முகத்தில் இருக்கிற ஊர் அது. 2022 இல்தான் அதற்கு மாநகரம் என்ற பட்டம் கிடைத்தது. வற்றுக்கடலில் தண்ணீர் பின்வாங்கிப் போய்க் கண்ணுக்கெட்டிய தூரத்துக்குச் சேறு கிடக்கும். அதனால்தான் கப்பல் அணைவதற்கு 2 கிலோமீற்றருக்கு மேல் நீளமாக இறங்குதுறை கட்டி, அதற்கு மேல் ஒரு சின்ன ரயிலும் விட்டிருக்கிறார்கள். சேற்று மணம் எனக்கு எங்கள் பக்கத்துப் பட்டிருப்புப் பாலத்தடியை ஞாபகப்படுத்தியது.

"இண்டைக்குச் சமையல் இல்ல, வெளியதான் சாப்பாடு" என்று அத்தான் காலையிலேயே அறிவித்திருந்தார். ஆனால் காரின் பின்பக்கத்தைத் திறந்தால் ஐஸ்கிரீம் டப்பாக்களில் புரியாணி, கோழிப்பொரியல், அவித்த முட்டை, ஒரு ஜாம் போத்தலில் கட்டச்சம்பல். "பிள்ளையளுக்குப் பசிச்சாத்தான்" என்றா அக்கா. மணலில் பாயை விரித்துச் சுற்றிப் பார்த்தால், அந்தப் பக்கம் ஒரு குடும்பம் இடியப்பப் பெட்டியைத் திறக்கிறது, இந்தப் பக்கம் பஞ்சாபிக் குடும்பம் ரொட்டி சுருட்டுகிறது. எங்கள் ஆட்கள் வான் பிடித்துப் பாசிக்குடாக் கடற்கரைக்குப் போகும்போது சோற்றுச் சட்டியையும் ஏற்றிக்கொண்டு போவது போலவேதான்.

மீனும் சிப்ஸும் வாங்காமல் விடவில்லை. வரிசையில் நின்று வாங்கினோம். கையளவு நீள மீன், மாவில் தோய்த்து, ஆழமான எண்ணெய்த் தொட்டியில் பொரித்தது. தடித்த உருளைக்கிழங்குத் துண்டுகள். மேலே உப்பு, கொஞ்ச வினாகிரி. சுடச்சுட, கடற்காற்றில், கடற்பறவை தட்டிப் பறித்துக்கொண்டு போகாமல் ஒரு கையால் மறைத்துக்கொண்டு தின்றால் அது ருசி. ஆறினால் அட்டை. அக்கா சிப்ஸைக் கட்டச்சம்பலில் தொட்டுத் தின்றதைப் பக்கத்து வெள்ளைக்காரக் கிழவி ஆசையோடு பார்த்தா. அக்கா நீட்ட, அவவும் ஒன்று எடுத்தா. தண்ணீர்ப் போத்தலும் கொடுக்க வேண்டி வந்தது.

அத்தான் இந்த மாதிரி விஷயங்களை வாசித்து வைத்திருக்கிற ஆள். 1856 இல் சவுத்எண்டுக்கு ரயில் வந்ததாம். 1871 இல் வங்கி விடுமுறைச் சட்டம். கிழக்கு லண்டன் தொழிலாளிக்கு ஒரு நாள் லீவும் ஒரு ரயில் டிக்கெட்டும் கிடைத்துவிட்டது. கடற்கரையில் இறங்கினால் அடுப்பு இல்லை, மேசை இல்லை, பை நிறையக் காசும் இல்லை. அவனுக்குக் கடுதாசியில் சுற்றிக் கையில் கொடுக்கிற சூடான சாப்பாடு வேண்டியிருந்தது. மீனும் சிப்ஸும் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. 1860 வாக்கில் கிழக்கு லண்டனில் ஒரு யூதர்தான் இந்தக் கடையை முதலில் போட்டார் என்பது ஒரு கட்சி. இல்லை, எங்கள் லங்காஷயரில்தான் என்பது மற்றக் கட்சி. இரண்டாம் உலகப் போரில் எத்தனையோ சாமானுக்குப் பங்கீட்டு அட்டை வந்தபோதும் இதில் அரசாங்கம் கை வைக்கவில்லை. அதோடு, வீட்டில் இதைச் செய்ய அந்த எண்ணெயும் தொட்டியும் யாரிடம் இருக்கிறது?

"இந்த மீன் இந்தக் கடலிலயா பிடிக்கிற அத்தான்?" என்று கேட்டேன்.

"இஞ்ச எங்க மச்சான். கொட் மீன் நோர்வே, ஐஸ்லாந்துப் பக்கத்துக் கடலில இருந்து வாறது."

எனக்கு அது பெரிய ஆறுதல். அப்படியென்றால் அந்த ஊர் மீன்? அதற்குப் பக்கத்து லீ என்ற பழைய மீன்பிடித் துறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். தகரக் கொட்டில் மாதிரியான கடைகள். சேற்றில் வாரி எடுத்த மட்டியை அவித்து, ஓடு நீக்கி, சின்னக் கிண்ணத்தில் அள்ளி, வினாகிரியும் வெள்ளை மிளகுத்தூளும் போட்டுத் தருகிறார்கள். அதுதான் அந்த ஊர்ச் சாப்பாடு. வாங்குவதற்கு நீண்ட வரிசையெல்லாம் இல்லை. எங்கள் மருமக்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டு ஐஸ்கிரீம் கேட்டார்கள்.

அன்றிலிருந்து என் முறைப்பாட்டைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டேன். கடைக்கென்று பிறந்த சாப்பாடு ஒன்று, வீட்டுக்கென்று பிறந்தது இன்னொன்று. இங்கிலாந்துக்காரனின் மீன்-சிப்ஸுக்கு மட்டக்களப்பில் சோடி தேடினால் அது மீன்கறி இல்லை, கொத்துரொட்டி. சுடுதகடும் இரண்டு இரும்புத் தகடும் இல்லாமல் அதை ஆக்க முடியாது. பழைய ரொட்டியும் மிஞ்சின கறியும் அதற்குப் போதும். ராத்திரி வேலை முடிந்து வருகிறவனுக்கு நின்ற நிலையில் பசி தீரும். அது பிறந்தது எங்கள் கிழக்கில்தான் என்று எங்கள் ஆட்கள் உரிமை கொண்டாடுவார்கள், நானும் அந்தக் கட்சி. வேறு ஊர்க்காரர் சண்டைக்கு வரட்டும், லங்காஷயர்காரரும் லண்டன்காரரும் போல நாங்களும் நூற்றைம்பது வருசம் இழுக்கலாம். அந்தத் தகட்டுச் சத்தம் இப்போது இல்போர்டிலும் கேட்கிறது, ரொறொன்ரோவிலும் கேட்கிறது. மணலை மீன் பாலாணம் எங்கேயும் போகவில்லை.

ஆகவே ஊருக்கு வருகிறவர்களுக்கு இப்போது இப்படிச் சொல்கிறேன்.

ராத்திரிக்குக் கொத்து தின்னுங்கள், வெட்கப்பட வேண்டாம். சோறு கறி வேண்டுமென்றால் மத்தியானமே போய்விட வேண்டும். 12 மணிக்குப் போனால் கறி எல்லாம் இருக்கும், 2 மணிக்குப் போனால் பருப்பும் சம்பலும்தான். பின்னேரம் போய்ச் சோறு கேட்டால் ஃப்ரைட் ரைஸைத்தான் காட்டுவார்கள். மத்தியானக் கடைகளில் அலுவலகக்காரர் கூட்டமாக நிற்கிற சின்னக் கடையாகப் பாருங்கள், அங்கே சமைக்கிறது பெரும்பாலும் ஒரு வீட்டுக்காரிதான். பெரிய மீன்துண்டு ஒன்று, சுண்டல் ஒன்று, சொதி. அதையே பார்சலாகவும் கட்டித் தருவார்கள். முன்னர் வாழையிலை, இப்போது லஞ்ச் சீற். எனக்கு அந்த மாற்றம் பிடிக்கவில்லை, சோற்றுக்கு மணமே போய்விட்டது.

தேத்தண்ணிக் கடையில் இருந்தால் கேட்காமலே ஒரு தட்டு நிறைய ரோல்ஸ், கட்லட், பற்றிஸ், வடை என்று கொண்டுவந்து வைப்பார்கள். வெளிநாட்டுப் பிள்ளைகள் பயந்துவிடும், இவ்வளவும் நாங்கள் கேட்கவில்லையே என்று. தின்றதற்கு மட்டும்தான் காசு. எண்ணிக் கணக்கெடுக்கிற தம்பிக்கு வெறும் தட்டைப் பார்த்தாலே போதும்.

வெல்லாவெளியிலிருந்து போகிறவர்கள் பட்டிருப்புப் பாலம் தாண்டிக் களுவாஞ்சிகுடியில் பெரிய றோட்டில் ஏறுவார்கள். பொழுது இருந்தால் மண்டூரில் இறங்கி, பாதை என்று நாங்கள் சொல்லுகிற மிதவையில் ஏறிக் குருமண்வெளிக்குப் போங்கள். மோட்டார்சைக்கிளோடு களப்பைக் கடக்கிற அந்தக் கொஞ்ச நேரத்தில் தோணிக்காரர் வலை எடுப்பதையும் பார்க்கலாம். அங்கிருந்து வடக்கே போகப் போகக் களுதாவளை, செட்டிபாளையம், கிரான்குளம், ஆரையம்பதி, பிறகு நடு றோட்டில் பேரீச்சை மரம் நிற்கிற காத்தான்குடி.

காத்தான்குடியை விட்டுவிட்டு மட்டக்களப்பில் வெளியே சாப்பிடுவது பற்றிப் பேச முடியாது. கடை நடத்துவதை ஒரு தொழிலாகவே கற்றவர்கள் அவர்கள். பராட்டாவின் மடிப்பு, மாட்டிறைச்சிக் கறியின் கறுப்பு, வட்டிலப்பம், மஸ்கட். குடும்பத்தோடு வருகிறவர்களுக்குத் தனியாக இடம் ஒதுக்கி வைத்து, எங்கள் பெண்களைக் கூச்சமில்லாமல் கடைக்குள் ஏற வைத்ததில் அந்தக் கடைகளுக்குப் பங்குண்டு. எங்கள் பக்கத்தில் தமிழரும் முஸ்லிம்களும் பிட்டும் தேங்காய்ப்பூவும் போல என்று பழையவர்கள் சொல்வார்கள். குழலுக்குள் அடுக்கடுக்காக இருக்கிற அந்தப் பிட்டை யுத்தகாலம் பலமுறை உதறிப் போட்டது, இரண்டு பக்கத்திலும் அதில் செத்தவர்கள் இருக்கிறார்கள். ஆனாலும் பராட்டா வாங்க நிற்கிற வரிசையில் இரண்டு பக்கமும் நிற்கிறது. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில் கடை பூட்டியிருக்கும், நோன்பு மாதத்தில் பகலில் சாப்பாடு இராது. அதே நோன்பு மாதத்தில் ராத்திரி போனால் ஊர் விடிய விடிய விழித்திருக்கும். வெள்ளிக்கிழமை எங்கள் ஆட்களில் பாதிப்பேர் மரக்கறிதான் என்பதால் அன்றைக்கு ரவுணில் சைவக்கடை. அதிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை.

தயிரைக் கடையில் கிண்ணத்தில் வாங்கித் தின்னாதீர்கள். படுவான்கரைக்கு வந்து பட்டிக்காரரிடம் முட்டியோடு வாங்குங்கள். எருமைத் தயிர் வெட்டி எடுக்கிற மாதிரி இறுகியிருக்க வேண்டும், சரித்தால் வழியக்கூடாது. தேன் கிடைத்தால் தேன், இல்லாவிட்டால் சீனி. லீ துறையின் மட்டிக் கொட்டிலுக்கு எங்கள் ஊரில் ஒரு சோடி உண்டென்றால் அது இந்தத் தயிர்முட்டி தொங்குகிற தாவாரம்தான்.

கட்டாயம் நண்டு வேண்டும், வீடும் இல்லை, சொந்தமும் இல்லை என்றால் ஒரு வழி இருக்கிறது. கல்லடிப் பக்கம் வீட்டோடு சேர்த்து அறை வாடகைக்கு விடுகிறவர்களிடம் தங்குங்கள். காலையில் எழும்பினதும், "இண்டைக்கு மீன்காரர் என்ன கொண்டு வாறாரோ அதை ஆக்கித் தாங்க" என்று சொல்லுங்கள். இன்ன மீன் வேண்டும் என்று கேட்காதீர்கள். காசையும் முதலிலேயே கொடுத்துவிடுங்கள், அப்போதுதான் அந்த வீட்டு அம்மா நல்ல மீனாகப் பார்த்து எடுப்பா. மத்தியானம் ஒரு மணிக்கு உங்களுக்குக் கிடைப்பது எந்த அட்டையிலும் இல்லாத சாப்பாடு.

ஆவணியில் வருகிறவர்களுக்கு இன்னும் ஒன்று. சிறுபோக அறுவடைக் காலம் அது. முந்தி அறுவடை என்றால் வயல்வாடியில் நாட்கணக்கில் சமையல் நடக்கும், வயல் சொந்தக்காரரான போடியாரும் வயலைச் செய்கிற முல்லைக்காரரும் ஒரே சட்டிச் சோறுதான். இப்போது மெசின் இறங்கி வெட்டி, மூட்டை கட்டிவிட்டுப் போய்விடுகிறது. ஆனால் எங்கள் பக்கத்து வயல் வட்டைகளில் யானை வருவது நிற்கவில்லை. ராத்திரிக் காவலுக்கு ஆட்கள் வாடியில் நிற்கிறார்கள், நிற்கிறவர்களுக்குப் பசிக்கிறது. குளத்து மீனைச் சுட்டு, கொச்சிக்காயும் உப்பும் புளியும் பிசைந்து, புது நெல்லுச் சோறு. வெல்லாவெளிக்காரன் காலங்காலமாக வெளியே சாப்பிட்ட இடம் அதுதான், ரவுண் எல்லாம் பிறகு. அங்கே போக விருப்பமென்றால் எனக்கு முதல் நாளே சொல்லுங்கள், இருட்டுப்பட முன்னம் கூட்டிக்கொண்டு போய் விடுகிறேன். காசு நீட்ட வேண்டாம், கோபித்துக்கொள்வார்கள். வருகிற வழியில் களுதாவளையில் நிறுத்தி, நல்ல வெற்றிலையாக ஒரு கட்டும் கொஞ்சம் பாக்கும் வாங்கிக்கொண்டு வாருங்கள். டோர்ச் லைட்டும் மறக்க வேண்டாம்.